கிழியாத பை

தேன் பாட்டில் அலமாரியின் விளிம்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தபோது காலை மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குக் கணவன் மனைவி இருவரும் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். மனைவி ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நின்றபடி தரையைப் பார்த்தாள். தேன் அவசரமே இல்லாமல் அடுப்புமேடையின் அடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் பெரிதும் சிறிதுமாகக் கண்ணாடித் துண்டுகள் மின்னின.

"நீ நகராத. நான் எடுக்கறேன்," என்றார் கணவர்.

பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தேனையும் கண்ணாடியையும் ஒன்றாக வழித்தெடுத்தார். எடுத்த பிறகுதான் அதை எங்கே போடுவது என்ற கேள்வி வந்தது. கண்ணாடிக்கான தொட்டி மூன்று மாடி கீழே, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. காகிதக் குப்பையில் போட்டால் சாயங்காலத்துக்குள் எறும்புகள் வீடு முழுக்க ஊர்வலம் போகும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சமையல் கழிவுக்கான பால்நிறப் பை வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

"ஐயோ, அதுல போடாதீங்க. அது உரத்துக்குப் போறது," என்றாள் மனைவி.

"ஒரே ஒரு தடவதானே? கண்ணாடி போட்டா கிழியுதான்னு சோதிச்ச மாதிரியும் ஆச்சு."

போட்டார். பையின் வாயை இறுக்கி முடிந்து, தூக்கி இரண்டு குலுக்குக் குலுக்கினார். உள்ளே கண்ணாடி கலகலத்தது. பையில் ஒரு ஊசித் துளைகூட விழவில்லை. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைக் கண்ட அப்பாவைப்போல அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அசையல!"

"சரி, களிமண் சார், மணி ஆவுது. கிளம்புங்க," என்றாள் மனைவி, மறு செருப்பைத் தேடிக்கொண்டே.

அந்தப் பை அவர் செய்த பை. பை செய்யும் ஆலையில் அவர் பொறியாளர். 'களிமண் சார்' என்பது அங்கே எல்லோரும் அவருக்கு வைத்த பெயர். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர் தலையைத் தட்டி, "உள்ள மூளை இருக்கா, களிமண் இருக்கா?" என்று கேட்டதையும், இப்போது தனக்குச் சோறு போடுவதே அந்தக் களிமண்தான் என்பதையும் அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

களிமண்ணை மிக மிக அருகில் போய்ப் பார்த்தால் அது புத்தகம் மாதிரி இருக்கும் என்பார் அவர். ஒரு துகளுக்குள் அடுக்கடுக்காக ஏடுகள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அந்த ஏடுகளில் பல்லாயிரத்தை அடுக்கிவிடலாம். நானோ களிமண் என்று ஆலையில் அதைச் சொல்வார்கள். செடிகளிலிருந்தும் கிழங்கு மாவிலிருந்தும் செய்கிற மக்கும் பிளாஸ்டிக் தனியாக இருந்தால் தெம்பில்லாதது. ஈரக் குப்பை பட்டால் இளகி, மாடிப்படி இறங்குவதற்குள் அடி பிய்ந்து எல்லாவற்றையும் காலில் கொட்டிவிடும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு களிமண்ணைச் சேர்த்து, சூட்டில் உருக்கி முறுக்கிப் பிசைந்தால், ஏடுகள் தனித்தனியாகப் பிரிந்து உள்ளே செங்கல் வரிசைபோலப் படிந்துவிடும். ஈரம் அந்த வரிசைகளைச் சுற்றிச் சுற்றித்தான் வழி தேட வேண்டியிருக்கும். பையும் உறுதியாகும். ஆனாலும் உரக்குவியலின் சூட்டில் மூன்று மாதத்தில் மக்கிப்போகும். களிமண் மண்ணோடு மண்ணாகப் போய்ச் சேரும். அந்த ஏடுகளை ஒழுங்காகப் பிரிய வைக்க அவர் ஆறு வருடம் மல்லுக்கட்டினார்.

இப்போது இருநூறு வீடுகளில் பைக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் அவரிடமும், சந்தேகம் வந்தால் பார்க்கட்டும் என்று ஒரு பிரதி சமையல் கழிவை உரமாக்கும் உரக்களத்து மேற்பார்வையாளரிடமும் இருந்தது. நாற்பத்தொன்று அவருடைய வீடு.

உரக்களத்தில் பிரிக்கும் மேசையின் முதல் இடம் பெரியக்காவுடையது. அவருடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பதினெட்டு வருடமாக ஊர்க் குப்பையைக் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் உரக் குப்பை என்று கொடுத்தாலும் உள்ளே பால் கவர், பேட்டரி, ஷாம்பூ பாக்கெட் என்று ஏதாவது இருக்கத்தான் செய்யும். பையைத் திறந்து அதையெல்லாம் பொறுக்கி எடுத்த பிறகுதான் மிச்சம் குவியலுக்குப் போகும்.

வாரம் ஒருமுறை பொறியாளர் அங்கே போவார். மக்குகிறதா என்று பார்க்க வலைக்குள் போட்டுக் குவியலில் புதைத்துவைத்த பைத் துணுக்குகளைப் பெரியக்கா தோண்டி எடுத்துக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார்.

"இது மக்கிடும் தம்பி. இன்னும் பத்து நாள்."

"இது?"

"இது சரியில்ல. நடுநடுவுல கட்டி தட்டுது. உங்க ஆளுங்க சரியாப் பிசையல."

ஆலைக்குக் கொண்டுபோய்க் கருவியில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சொன்னபடியே இருக்கும். களிமண் ஏடுகள் பிரியாமல் திட்டுத்திட்டாக நின்றிருக்கும். "ஒரு கோடி ரூபா மெஷின் சொல்றத நீங்க ரெண்டு விரல்ல சொல்லிடறீங்களே அக்கா," என்பார் பொறியாளர். "அப்போ அந்த மெஷின வித்துட்டு எனக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க. நின்னு நின்னு காலு வீங்குது," என்பார் பெரியக்கா. இருவரும் சிரிப்பார்கள். நாற்காலி வரவில்லை. கேட்டது வேடிக்கைக்குத்தானே என்று பொறியாளரும் விட்டுவிட்டார்.

ஒருநாள் பெரியக்கா வேடிக்கையில்லாமல் ஒன்று சொன்னார். "புதுப் பையில ஒரு தொல்லை இருக்கு தம்பி. பழசு தானாவே கிழிஞ்சு உள்ள இருக்கறத காட்டிடும். இது வாயத் தொறக்கமாட்டேங்குது. வெளியில இருந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியல. முடிச்ச அவுத்து உள்ள கைய விட்டாத்தான் என்ன இருக்குன்னு தெரியுது."

பொறியாளருக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. 'கிழிவதாகப் புகார் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பையைப் பிடித்துக் காட்டிய பெரியக்காவின் கையுறையில் விரல் நுனிகள் ஐந்தும் தேய்ந்து காணாமல் போயிருந்தன. அரை வருடத்துக்கு ஒரு ஜோடி என்பது களத்தை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு. இரண்டாவது மாதமே அவை ஓட்டையாகிவிடும். அதைப் பொறியாளர் பலமுறை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி எழுதக் குறிப்பேட்டில் தனியாக இடம் இல்லை.

தேன் பாட்டில் உடைந்து மூன்றாம் நாள் அவர் களத்துக்குப் போனபோது, பெரியக்கா வலது உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தார். துணியின் ஓரம் பழுப்பாக நனைந்திருந்தது.

"என்னக்கா கையில?"

"உங்க பைதான் தம்பி," என்று சிரித்தார் பெரியக்கா. "பை கிழியல. கைதான் கிழிஞ்சுது. யாரோ கண்ணாடிய உள்ள போட்டு அழகா முடிஞ்சு வச்சிருக்காங்க. எறும்பா மொய்ச்சுது, இனிப்பு ஏதோ இருக்குன்னு உள்ள கைய விட்டேன்."

பொறியாளருக்குத் தேன் பாட்டில் நினைவுக்கு வந்தது. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"மஞ்சள் போட்டுக் கட்டியிருக்கேன். லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் கிடையாது. ரெண்டு நாள்ல ஆறிடும்."

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாழைப்பூ மாதிரி வீங்கிச் சிவந்திருந்தன. வாசலில் அவருடைய கார் நின்றிருந்தது. 'வாங்கக்கா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவர் தன் வீட்டுப் பையை நினைத்துக்கொண்டிருந்தார். எண் என்ன என்று கேட்க நாக்கு எழவில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வெளியே வரும்போது மேற்பார்வையாளர் கூடவே நடந்துவந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்தப் பை நம்பர் நாப்பத்தொண்ணு. லிஸ்ட்ல பாத்தேன். நான் எங்கயும் எழுதல. நீங்க கவலப்படாதீங்க."

பொறியாளர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைத் திருப்பிப் பார்த்தால் மேசையருகே பெரியக்காவின் முதுகு தெரியும். அவர் திருப்பவில்லை.

"சரி," என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் அதன்பின் எத்தனையோ தடவை தனக்குள் கேட்டுப் பார்த்தார். அதை வேறு யாரோ சொன்னதாக ஒரு நாளும் நினைக்க முடிந்ததில்லை.

அடுத்த வாரம் போனபோது மேசையின் முதல் இடத்தில் வேறொருத்தி நின்றாள். அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். சீழ் எலும்புவரை போய்விட்டதாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்களாம்.

வார்டு நீளமாக, மருந்து வாசனையோடு இருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் பெரியக்கா படுத்திருந்தார். பக்கத்தில் சலவைக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் மகள் உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் வாங்கிப்போன ஆப்பிள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் காலடியில் வைத்தார். கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல் இருக்க அவர் பாடுபட்டார். பார்வை போய்ப் போய் அங்கேதான் நின்றது.

"வலிக்குதாக்கா?"

"இல்லாத விரல் வலிக்குது தம்பி. அதுதான் வேடிக்கை. அரிக்குதேன்னு சொறியப் போனா அங்க ஒண்ணும் இல்ல." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "துணுக்கெல்லாம் எப்படி இருக்கு? தோண்டினாங்களா?"

"அதப் பத்தி இப்ப என்னக்கா?"

"சும்மா கேட்டேன்." பிறகு சொன்னார்: "தம்பி, ஒரு உதவி. எனக்கு எழுத்து வராது, நம்பர் தெரியும். அந்தப் பையில நாப்பத்தொண்ணுன்னு இருந்துது. அது யாரு வீடுன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டா அவரு வாயே தொறக்கல. உங்க லிஸ்ட்ல பாத்துச் சொல்லுங்களேன். நான் சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். அவங்க முகத்த ஒரு தடவ பாக்கணும். 'ஒரு காகிதத்துல சுத்தித் தனியா வச்சிருந்தா என்னம்மா?'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

பெரியக்கா பார்க்க வேண்டும் என்ற முகம் அவருக்கு ஓரடி தூரத்தில்தான் இருந்தது. மகள் ஆப்பிள் பையிலிருந்து தலையை நிமிர்த்திப் பொறியாளரைப் பார்த்தாள்.

"பாக்கறேன் அக்கா," என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நாம போட்டதுதானே?"

"எல்லா வீட்டுலயும்தான் போடறாங்க. நாம மட்டுமா?"

"நான் எல்லா வீட்டையும் கேக்கல. நாம போட்டதுதானே?"

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆலை மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். விபத்தைப் பற்றி உரக்கள ஒப்பந்த நிறுவனம் ஒரு விளக்கம் கேட்டிருந்தது. "நம்ம பை மேல பழி வரக்கூடாது. அடுத்த மாசம் இந்தப் பகுதி முழுக்க இந்தப் பையக் கொடுக்கப் போறாங்க. ஆறு வருஷ உழைப்பு உங்களோடது," என்று ஒரு தாளை நீட்டினார். அதில் மூன்றே வரிகள் இருந்தன. பை எங்கும் கிழியவில்லை. பணியாளருக்குக் கையுறை வழங்கப்பட்டிருந்தது. பணியாளர் பையைக் கையால் திறந்தபோது காயம் ஏற்பட்டது.

பொறியாளர் மூன்று தடவை படித்தார். ஒரு வரிகூடப் பொய் கிடையாது. கையெழுத்துப் போட்டார். உண்மையான மூன்று வரிகளை அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிடலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டார்.

அந்தத் தாள் என்ன செய்தது என்பது அந்த மாதக் கடைசியில் தெரிந்தது. ஆலை வாசலில் பெரியக்காவின் மகள் காத்திருந்தாள். கையில் ஒரு கடிதம். பணியாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பதால் இழப்பீடு இல்லை என்றும், பிரிக்கும் வேலைக்கு இனி அவர் உடல் தகுதி இல்லாததால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றும் அதில் இருந்தது. கீழே, ஆதாரமாக, பொறியாளரின் மூன்று வரிகள்.

"சார், உங்களோட சண்டை போட வரல," என்றாள் மகள். "ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். வாராவாரம் எங்கம்மா பக்கத்துல நின்னு வேலை பாத்தவரு நீங்க. எங்கம்மா கவனமில்லாதவங்களா? பதினெட்டு வருஷத்துல ஒரு ஊசி குத்தினதில்ல. இந்தக் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'தம்பி அப்படி எழுதமாட்டாரு, மேல இருக்கறவங்க மாத்தி எழுதியிருப்பாங்க'ன்னாங்க. அதான் உங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆட்கள் வேலை முடிந்து அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். 'களிமண் சார், வரட்டுமா?' என்று யாரோ கையசைத்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தன்மேல் பெரியக்கா வைத்திருந்த அந்த நம்பிக்கையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் வந்து அம்மாவப் பாக்கறேன். நாளைக்கே வரேன்," என்றார்.

மறுநாள் மனைவியும் கூட வந்தாள். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். அதுக்குத்தான் வரேன்," என்று படியிறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

பெரியக்காவின் வீடு ஒரே அறை. கொடியில் ஈரத்துணி தொங்கியது. பெரியக்கா தரையில் உட்கார்ந்து, ரவிக்கையொன்றை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் கொக்கி மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையில் மிஞ்சியிருந்த மூன்று விரல்களும் விறைத்து நின்றன. இவர்களைக் கண்டதும் ரவிக்கையை அவசரமாகப் பின்னால் தள்ளினார்.

"வாங்க தம்பி, வாம்மா. உக்காருங்க. ஏ பொண்ணு, டீ போடு."

"டீ வேண்டாக்கா," என்றார் பொறியாளர். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "நாப்பத்தொண்ணு என் வீடு."

அடுப்பருகே போன மகள் அப்படியே நின்றாள்.

"கண்ணாடியப் போட்டது நான்தான். என் கையாலதான் போட்டேன். இவ வேண்டாம்னு சொன்னா. கிழியுதான்னு பாக்கறேன்னு போட்டேன்."

பெரியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பொறியாளர் காத்திருந்தார். வரவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே. நீங்க துணி சுத்திட்டு நின்னீங்களே, அன்னிக்கே."

"ஆஸ்பத்திரியில நான் கேட்டப்போ?"

"தெரியும்."

"அந்த மூணு வரி?"

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் மாத்தி எழுதல."

கொடியில் தொங்கிய துணியிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. பொறியாளரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியக்கா பேசத் தொடங்கினார். குரல் உயரவில்லை.

"கண்ணாடி போட்டது அவசரத்துல பண்ணது தம்பி. ஊரே பண்ணுது. அதுக்காக நான் உங்கள வெறுக்கமாட்டேன். ஆனா அன்னிக்கு என் கை வீங்கியிருந்ததப் பாத்தீங்க. உங்க கண்ணுல நான் பாத்தேன், நீங்க பாத்தத. அன்னிக்கே என்னக் கூட்டிட்டுப் போயிருந்தா இந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அத என்னால மறக்க முடியல. மன்னிச்சிட்டேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். சொன்னா அது பொய்."

"மன்னிக்கச் சொல்லி வரலக்கா."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மகளிடம் நீட்டினார். தொழிலாளர் நல அலுவலருக்கு எழுதிய கடிதம். முந்தைய மூன்று வரிகளில் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது: கண்ணாடி யார் வீட்டிலிருந்து வந்தது, கையுறை எத்தனை மாதமாக ஓட்டை, பைக்குள் இருப்பது தெரியவில்லை என்று பெரியக்கா முன்கூட்டியே சொன்னதைத் தான் எப்படி எழுதாமல் விட்டார் என்பது. மகள் உரக்கப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் உடைந்தது. பெரியக்கா கேட்டு முடித்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

"இன்னும் ஒண்ணு," என்றார் பொறியாளர். "அடுத்த வாரம் எங்க குடியிருப்புல கூட்டம். எல்லா வீட்டுக்கும் அந்தப் பையக் கொடுக்கப் போறாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை..."

"மாட்டேன்," என்றார் பெரியக்கா, அவர் முடிக்கும் முன்னால். "என் கையக் காட்சிப் பொருளா வைக்கமாட்டேன். பண்ணது நீங்க. உங்க வாயால சொல்லுங்க."

பின்னால் அந்தக் கடிதம் தன் வேலையைச் செய்தது, பாதி அளவுக்கு. விசாரணை மறுபடி நடந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டு இழப்பீடு கொடுத்தார்கள். களத்தில் எல்லோருக்கும் தடித்த கையுறை வந்தது. ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த விரல்கள் கற்றுக்கொண்டது எந்த இழப்பீட்டிலும் அடங்கவில்லை. பொறியாளரை மேலாளர் சோதனையிலிருந்து நீக்கி, கிடங்குக்கு மாற்றினார். ஆறு வருடம் மல்லுக்கட்டிய களிமண் வேறொருவர் கைக்குப் போனது. அதற்காக அவர் யாரிடமும் முறையிடவில்லை.

அதற்கெல்லாம் முன்பே நடந்த குடியிருப்புக் கூட்டத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேலாளர் பையின் பெருமையைச் சொல்லி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் இருந்த பொறியாளர் எழுந்து நின்றார்.

"நான் கம்பெனி ஆளாப் பேசல. இங்க குடியிருக்கறவனாப் பேசறேன். இந்தப் பை நல்ல பைதான். நான்தான் செஞ்சேன்," என்று ஆரம்பித்தார். பிறகு தேன் பாட்டிலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்ன 'சரி'யையும் சொன்னார். மேலாளர் இரண்டு முறை இருமினார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "அதுக்குத்தானே சார் அவங்களுக்குச் சம்பளம்? குப்பைன்னா எல்லாந்தான் இருக்கும்," என்றார். ஒன்றிரண்டு தலைகள் ஆமோதித்து ஆடின.

"நானும் அப்படித்தான் இருந்தேன்," என்றார் பொறியாளர். "வாய்விட்டுச் சொன்னதில்ல, அவ்வளவுதான்."

அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா உங்கள மன்னிச்சாங்களா?"

"இல்லம்மா. மன்னிக்கல. மன்னிச்சாலும் விரல் முளைக்கப் போறதில்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கண்ணுக்கே தெரியாத களிமண் ஏட்டப் பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரிஞ்சுது. எதிர்ல நின்ன மனுஷியப் பாக்கத் தெரியல. பூமியக் காப்பாத்தற பை இதுன்னு இவங்க சொன்னாங்க. அந்தப் பூமியிலதான் அந்தம்மாவும் இருக்காங்க. நாம தூக்கிப்போடற எதுவும் காத்துல கரையறதில்லங்க. அது ஒரு ஆளோட கைக்குத்தான் போகுது. முடிச்சுப் போடறதுக்கு முன்னாடி அந்தக் கைய ஒரு தடவ நெனச்சுக்கங்க. தப்பு பண்ணிட்டா அன்னிக்கே சொல்லிடுங்க. நான் சொல்றதுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு உழைப்பாளியோட கை போயிடுச்சு."